பின்னந்தலையில் ஒரு பொட்டு

பாப்பா,

வியாழக்கிழமை காலையில் எண்ணூர் துறைமுக வாசலில் உன்னை விட்டுவிட்டு வரப் போகிறேன். அங்கே நின்று பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் என் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டீச்சரிடம் நீட்டுவேன். அதனால் இதையும் எழுதித் தருகிறேன். உன் பெட்டியில் பூட்ஸுக்கு அடியில் வைத்திருப்பேன். கப்பல் கரையை விட்டு நகர்ந்த பிறகு படி. நாற்பது வயதுகூட ஆகாத ஒரு அம்மா, மகளுக்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். உனக்கு நான் செய்த தப்பை அன்றைக்கு மண்டபத்துப் படியிலேயே ஒப்புக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று மட்டும் இதுவரை சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நம் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தப் படம் வந்தபோது உனக்கு நான்கு வயது. துறைமுகத்துப் பக்கத்தில் மாலுமிகள் ஓய்வில்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வருகிற மாலுமிகளுக்கு சிம் கார்டு கொடுப்பது, வைஃபை கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் தருவது, கேரம் போர்டுக்குப் பவுடர் எடுத்து வைப்பது, இதுதான் வேலை. ஏதோ பழுதென்று ஒரு கப்பல் மூன்று வாரம் நின்றுவிட்டது. அதில் சமையல்காரராக இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் மதியச் சமையல் முடிந்ததும் தினமும் வேனில் ஏறி வந்துவிடுவார். குட்டையான மனிதர். இரண்டு முன்கைகளிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள் புள்ளி புள்ளியாக இருக்கும். மூலை நாற்காலியில் உட்கார்ந்து போனில் மகளைப் பார்த்துப் பேசுவார். பேசுவார் என்று சொல்கிறேனே தவிர, பாதி நேரம் அந்தப் பெண் வீட்டுப்பாடம் எழுதுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சீட்டு நீட்டியதைத் தவிர நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகளோடு அவர் பேசிய மொழி எனக்குப் புரியாததால், அந்த முகத்தை நன்றாகப் பார்த்துவைத்திருந்தேன்.

கடைசி நாளில் எனக்கு ஒரு அட்டைக் குழாயைக் கொடுத்தார். சமையலறையில் அலுமினிய ஃபாயில் சுற்றி வருமே, அந்தக் குழாய். உள்ளே அவர் ஊர்க் கடை ஒன்றின் பழைய காலண்டர் தாள் சுருண்டிருந்தது. கப்பல் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாராம். ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. மேஜைமேல் விரித்து நான்கு மூலையிலும் நான்கு ஸ்டாப்ளர் பின் பெட்டிகளை வைத்துப் பார்த்தேன். பாப்பா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதுவரை நான் பார்த்த படங்களில் எல்லாரும் நம்மைப் பார்த்துத்தான் நிற்பார்கள். சாமிகள், தலைவர்கள், நகைக்கடைப் பெண்கள், எல்லாரும். இதில் இரண்டு பெண்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படி ஏறுகிறார்கள். உயரமானவள் சிவப்பு அங்கி போட்டிருக்கிறாள். குட்டையானவள் நீலப் பாவாடையும் கண்ணாடிபோல மெல்லிய ரவிக்கையும் போட்டு, கொஞ்சம் கறுத்திருக்கிறாள். உயரமானவளின் ஒரு கை மற்றவளின் இடுப்பை அணைத்திருக்கிறது. இன்னொரு கை எதிரே எதையோ சுட்டிக்காட்டுகிறது. படியெல்லாம் பூ இறைந்து கிடக்கிறது. எதிரே ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இரண்டு பேர் முகத்தில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எனக்குப் புரிகிற வேகத்தில் சொன்னார். உயரமானவள் ஸ்பெயின். அவர்கள் நாட்டைப் பல தலைமுறை ஆண்ட நாடு. குட்டையானவள் அவர்கள் நாடு. வரைந்தவர் அவர்கள் ஊர்க்காரர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கே போய் ஓவியம் படித்து, அங்கேயே பரிசு வாங்கியவர். எங்களை அடக்கி வைக்காதே, கைகோத்துக் கூட அழைத்துப் போ என்று அந்தக் காலத்தில் படித்தவர்கள் கேட்டார்களாம். அப்போது வரைந்த படம். பின்னால் ஊரில் கலகம் வந்தபோது அதே நாடு அவர்மேல் சந்தேகப்பட்டு அவரைச் சிறையில் போட்டதாம். இதைச் சொல்லிவிட்டுச் சமையல்காரர் அந்தச் சிவப்பு அங்கிக்காரியின் கையை, இடுப்பிலிருக்கும் கையை, விரலால் தொட்டுக் காட்டினார். எங்கள் ஊரில் இதைப் பார்த்துச் சிலர் பெருமைப்படுவார்கள், சிலர் கோபப்படுவார்கள், நான் இருபது வருஷமாகக் கறி நறுக்கிக்கொண்டே பார்க்கிறேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை என்றார்.

நம் ஊரில் பாரத மாதாவைக் கொடியோடு பார்த்திருக்கிறேன். ஆண்ட நாட்டையும் ஆளப்பட்ட நாட்டையும் அக்கா தங்கைபோல ஒரே படியில் ஏற்றிவிட முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதையும் ஆளப்பட்டவனே வரைந்திருக்கிறான். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பேருந்தில் அந்தக் குழாயைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாழ்நாளில் ஒரு ஓவியம் எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

உன் அப்பா டிரெய்லர் லாரியை எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் வரிசையில் விட்டுவிட்டு அதைச் சட்டம் போட எடுத்துப் போனார். நம் பக்கத்தில் சட்டம் போடுகிறவருக்குத் தெரிந்தது சாமிப் படமும் செத்தவர் படமும்தான். செத்தவர் மாதிரி இல்லாததால் சாமி என்று முடிவு செய்து, ஜிகினா ஓரம் வைத்து, சுற்றிலும் சீரியல் பல்பு கட்டி அனுப்பிவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் அப்பா ஆணி அடித்து மாட்டினார். "எந்த சாமியா இருந்தா இன்னா மே, லைட்டு போட்டா சோக்கா கீது" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை உன் அத்தை ஒரு முழம் மல்லிகைப் பூவும் குங்குமமும் கொண்டு வந்து நின்றாள். பூவைப் போட்டுவிட்டாள். பொட்டு வைக்கத்தான் இடம் தெரியவில்லை.

"இன்னாடி இது, மூஞ்சே இல்லாத சாமிக்கு எங்கடி பொட்டு வெக்கிறது?"

எதிர்வீட்டு பிலோ அக்கா வாசலிலிருந்தே சிரித்தாள். அது மாதா, தன் உறவுக்காரி எலிசபெத்தம்மாவைப் பார்க்க மலையேறிப் போகும் காட்சி, எங்கள் சாமிக்கு உங்கள் பொட்டு வேண்டாம் என்றாள். மாதா என்றால் நீலம் கட்டியிருப்பவள்தானே, அவள் ஏன் குட்டையாக இருக்கிறாள் என்று அத்தை மடக்கினாள். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அத்தை உயரமானவளின் பின்னந்தலைக்கு நேராகக் கண்ணாடிமேல் பொட்டு வைத்தாள். பிலோ அக்கா டிசம்பர் மாதத்தில் கீழே மெழுகுவத்தி ஏற்றினாள். இது சாமி இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வேண்டியவள் நான்தான். கூச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டம் வாங்கியதால் எங்களுக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியுமோ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஆண்டவளின் பின்னந்தலைக்கு வாரம் தவறாமல் பொட்டு வைக்கும் வீடு உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். நாளாக நாளாக நானும் அந்தப் பக்கம் போகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஏனென்றால் அந்த உயரமானவளை எனக்குத் தெரியும். என் கதையில் அவள் மேடம். ஓய்வில்லத்தை நடத்தும் குடும்பத்தின் பெரியம்மா. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்பதும், எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவதைத் தாண்டவில்லை என்பதும் உனக்குத் தெரியும். மேடம்தான் என்னைக் கண்டுபிடித்துப் படிக்க வைத்தார். கல்லூரியில் சேர்த்த முதல் நாள், அந்தப் பெரிய கற்படிகளில் என் கால் நகரவில்லை. மேடம் காரிலிருந்து இறங்கி வந்து, என் இடுப்பில் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டார். மேலே மணிக்கூண்டைக் காட்டி, அங்கே பார்த்து நட என்றார். அப்படியே இன்னொன்றும் சொன்னார். "இனிமே 'இன்னா', 'கீது' எல்லாம் வெளியில வெச்சிட்டு வரணும், சரியா?" நான் சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு வெளியில் வைத்தவள்தான். வீட்டிலேயே இருபது வருஷம் புத்தகம் படிக்கிறவள்போலப் பேசினேன். உன் அப்பா என்னைக் கேலி செய்து, நியூஸ் வாசிக்கிறவங்க வந்துட்டாங்க, டிவி சவுண்டைக் கம்மி பண்ணு என்பார்.

மேடத்தின் கையில் பொய் இல்லை பாப்பா. நீ பிறந்தபோது மருத்துவமனைக்கு முதலில் வந்தவர் அவர்தான். எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் கொடுத்தனுப்புவார். அந்தக் கையில் நிஜமான அன்பு இருந்தது. அதனால்தான் அது என் இடுப்பிலேயே இருந்ததை நான் வெகுநாள் உணரவில்லை.

உன்னிடம் நான் என்ன செய்தேன் என்று இப்போது பார். உனக்கு ஆறு வயதில், வூட்டுக்குப் போலாம்மா என்று பேருந்தில் சொன்னதற்கு உன் தொடையில் கிள்ளினேன். மேடத்தின் பேரப்பிள்ளைகள் படித்த பள்ளி, மேடம் சொன்ன டியூஷன், மேடம் கொடுத்த ஃபிராக். அந்தப் படத்தைக் காட்டி, பெரியவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா எவ்ளோ மேலே போலாம் பார் என்பேன். பன்னிரண்டு வயதில் நீ ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாய்.

"அந்தக் குட்டப் பொண்ணு திரும்பிப் பாக்கணும்னா, அவங்க வுடுவாங்களாம்மா?"

சாப்பிடு என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது என்னிடம் இல்லை. சமையல்காரர் இருபது வருஷம் கறி நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை நீ ஒரு கவளச் சோற்றுக்குள் கேட்டுவிட்டாய் என்பது பிறகுதான் புரிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மேடம் உனக்காக ஒரு வழி வைத்திருந்தார். பெங்களூரில் அவர் மகன் வீட்டில் தங்கி பி.காம். படிப்பு, முடித்ததும் அவர்கள் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் மேஜை, நாற்காலி, ஏசி. உன்னைக் கேட்காமலே நான் சரி என்றேன். நீயோ நெட்டுக்குப்பத்துத் தோழியோடு சேர்ந்து கப்பல் வேலைக்கான கடல்சார் பயிற்சிக்கு எழுத்துத் தேர்வு எழுதியிருந்தாய். விளையாட்டுக்கு எழுதுகிறாய் என்று நினைத்தேன். தேர்ச்சியான செய்தி வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். ஓய்வில்லத்தில் பதினைந்து வருஷமாக மாலுமிகளைப் பார்க்கிறேன். அவர்கள் கண்ணில் இருக்கும் அலுப்பு எனக்குத் தெரியும். அந்த நாற்காலிகளில் ஒரு பெண்பிள்ளை வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண் பரிசோதனைக்கும் உடல் பரிசோதனைக்கும் இந்தத் தேதியில் வரச் சொல்லிப் பயிற்சி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, உன் விண்ணப்பத்தில் என் நம்பர் இருந்ததால் போன் எனக்கு வந்தது. சொல்லிவிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள். தட்டில் உனக்குச் சோறு போட்டேன், தலை வாரிவிட்டேன், சொல்லவில்லை. தேதி தாண்டிவிட்டால் பிரச்சினை தானே முடிந்துவிடும், உன் நல்லதுக்குத்தான் என்று சாமி படத்தின் முன்னால் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சாமிக்குத்தான் முகம் இல்லையே, ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது நாள்தான் ஓய்வில்லத்தின் ஆண்டு விழா. மேடை, பொன்னாடை, கேசரி எல்லாம் முடிந்து, மண்டபத்துப் படிகளில் போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். முன்பு அம்மாவை ஏற்றிவிட்டதுபோல இன்று மகளை, என்று மேடமே ஆசையாகச் சொன்னார். நீ அந்த நீலப் பாவாடைத் தாவணியில் இருந்தாய். மேடம் அரக்குச் சிவப்புப் பட்டு. உன் இடுப்பில் கையை வைத்து, மேலே கதவைச் சுட்டிக்காட்டி, இரண்டு படி ஏறினார். கீழேயிருந்து போட்டோக்காரர் இப்படியே நில்லுங்கள் என்றார். நான் கீழ்ப்படியில் எல்லாருடைய செருப்புக்கும் காவல்போல நின்றிருந்தேன். பதினான்கு வருஷமாகக் கண்ணாடிக்குள் இருந்த படம், எண்ணெய்க் கறையும் ஜிகினாவும் இல்லாமல், என் எதிரே மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறது.

"முன்னாடி பாரும்மா" என்றார் மேடம்.

நீ திரும்பினாய். மேடத்தின் கைக்குள் இருந்தபடியே, கழுத்தை மட்டும் வளைத்து, என்னைத் தேடிப் பார்த்தாய். கோபம் என்றால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மா சொன்னால் ஏறிவிடுகிறேன் என்று அந்த முகம் கேட்டது. இத்தனை வருஷம் நான் பார்க்க ஏங்கிய முகம் அது. அந்தக் குட்டைப் பெண் திரும்பினால் இப்படித்தான் பார்ப்பாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. இன்னொன்றும் அந்த நொடியில் தெரிந்தது. என்னை நான் எப்போதும் நீலப் பாவாடைக்காரியாகத்தான் நினைத்திருந்தேன். இரண்டு நாளாகச் சிவப்பு அங்கி போட்டிருந்தவள் நான். மேடமாவது உன்னை எல்லார் முன்னாலும் அணைத்திருந்தார். நான் உனக்குத் தெரியாமலே உன் இடுப்பைப் பிடித்திருந்தேன்.

அறுபது எழுபது பேர் இருந்தார்கள். நான் இரண்டு படி ஏறினேன். "மேடம், அவ வர்ல. அவளுக்கு வேற வழி கீது" என்றேன்.

அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கல்லூரிப் படியில் விட்டுவிட்டு வந்தது, அங்கேயே எனக்காக உட்கார்ந்திருந்ததுபோல. என்ன சொன்னே என்று மேடம் கேட்டார். நான் அவரைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சொன்னேன். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு கண் டெஸ்ட்டு பாப்பா. ரெண்டு நாளா மறைச்சி வெச்சிக்கினு கீறேன்."

"அம்மா, இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க?" என்றாய். அவ்வளவுதான் நீ என்னைத் திட்டியது. அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பேசவில்லை. மறுநாள் விம்கோ நகரில் மெட்ரோ ஏறும்போதும் பேசவில்லை. கண் பரிசோதனையில் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்களாம், சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொன்னாயாம். வெளியே வந்து, "என் கண்ணு சோக்கா கீதாம்மா" என்றாய். நான் சிரித்தபடி அழுததை எதிரே இருந்த இளநீர்க்காரர்கூடப் பார்த்தார்.

மேடம் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடவில்லை. ஆனால் மூன்று மாதம் என்னிடம் நேராகப் பேசவில்லை, ரசமும் வரவில்லை. நான் கூட்டிட்டு வந்த பொண்ணு என்று ஒருமுறை வேறு யாரிடமோ சொன்னதைக் கேட்டேன். அது உண்மைதான், அதை நான் மறக்க மாட்டேன். போன வாரம், உன் பயிற்சி முடிந்து கப்பல் கிடைத்த செய்தி கேட்டு, என் மேஜைப் பக்கம் வந்து, அவ கப்பல் எந்தப் பக்கம் போகுது என்றார். சிங்கப்பூர், அப்புறம் மணிலா என்றேன். குளிருக்கு ஏதாவது எடுத்துட்டுப் போறாளா என்று கேட்டுவிட்டுப் போனார். நன்றியும் வருத்தமும் ஒரே ஆள்மேல் இருக்கலாம் பாப்பா. அதைப் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போட வேண்டும் என்று நான் இனி முயலப் போவதில்லை. அந்த ஓவியரும் முயலவில்லை என்று நினைக்கிறேன்.

கப்பலில் உனக்கு வழிகாட்ட நிறையப் பேர் வருவார்கள். சிலர் உண்மையான அக்கறையோடு வருவார்கள். கற்றுக்கொள். நன்றியோடு இரு. கை எங்கே சுட்டுகிறது என்று பார்ப்பதுபோல, மற்றக் கை எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள். நாளைக்கு உனக்குக் கீழே ஒரு சின்னப் பெண் பயிற்சிக்கு வந்தால் உன் கையையும் பார்த்துக்கொள், அதுதான் கஷ்டம். சமையலறையில் இருப்பவர்களிடம் முதல் நாளே பெயர் கேட்டுப் பேசு. உன் பேச்சை வாசலில் விட்டுவிட்டு ஏறாதே. ஆங்கிலம் வேண்டிய இடத்தில் ஆங்கிலம் பேசு, போனில் என்னோடு பேசும்போது இன்னாம்மா என்றே கூப்பிடு.

படத்தை நேற்று சட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். அத்தையிடமும் பிலோ அக்காவிடமும் அது யார் யார் என்று கடைசியில் சொன்னேன். பிலோ அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தை மட்டும் யோசித்துவிட்டு, "அப்ப நான் இத்தினி வருசம் தப்பான ஆளுக்கா பொட்டு வெச்சேன்?" என்றாள். பிறகு அவளே குங்குமத்தை எடுத்து வந்து, தாளில் படாமல், குட்டையானவளின் பின்னந்தலைக்கு மேலே காற்றில் ஒருமுறை தொட்டுக் காட்டினாள். படம் உன் பெட்டியில் அதே ஃபாயில் குழாயில் இருக்கிறது. அந்த ஓவியர் இதைப் பலமுறை வரைந்தாராம், ஒன்று அவர்கள் ஊரிலேயே இருக்கிறதாம் என்று சமையல்காரர் சொன்ன ஞாபகம். மணிலாவில் இறங்க விட்டால் விசாரித்துப் பார். உண்மையான அளவில் அந்தப் படிகள் எவ்வளவு உயரம் என்று எனக்குச் சொல்.

இதை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அவர்கள் இரண்டு பேர் முதுகும் தெரிய வேண்டுமென்றால், வரைந்தவர் அவர்களுக்குப் பின்னால், கீழ்ப்படியில்தான் நின்றிருக்க வேண்டும். இத்தனை நாள் அந்த மூன்றாவது ஆளை நான் கவனிக்கவே இல்லை. அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஏறுகிறவர்களின் முகம் தெரியாது, போய்ச் சேரும் இடமும் தெரியாது. அப்படியிருந்தும் படியில் கிடக்கும் ஒவ்வொரு பூவையும் அவர் விடாமல் பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை வாசலுக்கு அப்பால் என்னை விட மாட்டார்கள். நீ பெட்டியை இழுத்துக்கொண்டு போவதை, உன் முதுகை, அங்கே நின்று பார்ப்பேன். நீ இதைப் படிக்கும்போது அது முடிந்திருக்கும். திரும்பிப் பார்க்கத் தோன்றியிருந்தால் பார்த்திருப்பாய், தோன்றாவிட்டால் நேரே போயிருப்பாய், இரண்டும் சரிதான். என் இரண்டு கையும் என் பக்கத்திலேயே இருக்கும். ஒன்று மேலே எழுந்தால், அது உனக்கு டாட்டா காட்டத்தான்.

அம்மா